டவர் போனால் ஜிபிஎஸ் போகாது

"கரையைத் தாண்டி டவர் போனதும் செல்போன் ஜிபிஎஸ் நின்றுவிடும்" என்று கடலூர், தேவனாம்பட்டினம் மீனவர் குழுக்களில் சுற்றும் வாட்ஸ்அப் தகவல் தவறு. ஜிபிஎஸ் நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. டவரோ நெட்டோ தேவையில்லை. நிற்பது வரைபடம்தான். அதைக் கரையிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். நெட் இல்லாதபோது முதல்முறை இடம் காட்டச் சில நிமிடங்கள் பிடிக்கும், திறந்த வானத்தின் கீழ் போனை ஆடாமல் வையுங்கள். சந்தேகமிருந்தால் சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்துக் கரையிலேயே சோதிக்கலாம்.

உண்மையில் ஆளைத் திணறடிப்பது வேறு. மீன் கிடைக்கக்கூடிய இடங்களைச் சொல்லி இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பில் அட்சரேகை 11 டிகிரி 42 நிமிடம் என்றிருப்பதை போனில் 11.42 என்று போட்டால், படகு சுமார் 17 கடல் மைல் தெற்கே போய்விடும், டீசல்தான் வீண். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், 42-ஐ 60-ஆல் வகுத்து 11.70 என்று போட வேண்டும்.

அந்த வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.