அந்த ஆறு மாதம் மட்டும்தானா ரடுச்சோயு?

ருமேனியக் கால்பந்து வீரர் ஃப்ளோரின் ரடுச்சோயு பற்றிய உங்கள் கட்டுரை, 1996இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்பில் அவர் தடுமாறிய அரை ஆண்டையே முழுக் கதையாக்கிவிட்டது. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன். அதே வெஸ்ட் ஹாமில், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 0-2 என்று பின்தங்கியிருந்தபோது ஒரு கோல் போட்டு, ஆட்டம் 2-2 என முடிய வழி தொடங்கிவைத்தவரும் இவர்தான். அதைக் காணோம்.

1994 உலகக் கோப்பையில் நான்கு கோல். கொலம்பியாவுக்கு எதிரான முதல் கோலை இன்றும் மறக்க முடியாது: பெட்டியின் விளிம்பில் தடுப்பாட்டக்காரர்களைக் குறுக்கே இழுத்துக்கொண்டே போய், ஒரே உதை. ஸ்வீடனுடன் காலிறுதி. 88ஆவது நிமிடம், சக வீரர் ஹாஜியின் ஃப்ரீ கிக் கால்களில் பட்டுத் திரும்பி வருகிறது, பாய்ந்து அடிக்கிறார். கூடுதல் நேரத்தில் இன்னொன்று. பெனால்டியில் ருமேனியா தோற்றது இவர் குற்றமா? தன் உதையை உள்ளேதான் அனுப்பினார்.

இத்தாலியின் மிலன் கிளப்பில் ஆடவில்லை என்கிறீர்கள். அங்கே இருந்த மற்ற வெளிநாட்டவர் யார்? பாப்பின், சவிசெவிச், போபன், லாட்ரூப், டெசாயி... களத்தில் மூன்று வெளிநாட்டவருக்கே இடம் இருந்த காலம் அது. அதற்கு முந்தைய சீசனில் இன்னொரு இத்தாலியக் கிளப்பான சின்ன ப்ரெஷாவுக்கு லீகில் 13 கோல் போட்டவர். இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என ஐந்து பெரிய லீகுகளிலும் ஆடிய முதல் வீரர் இவர். அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.