முகப்பரு மாத்திரை தற்கொலைக்குத் தள்ளுமா?

'முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை ஆளைத் தற்கொலைக்குத் தள்ளும், உடனே நிறுத்துங்கள். பரு வெறும் அழகுப் பிரச்சினை, வயது ஏறினால் போய்விடும்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இதை நம்பிச் சிகிச்சையைக் கைவிட வேண்டாம்.

பருவே மனதைத் தாக்கும். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், பரு கண்டறியப்பட்ட முதல் ஆண்டில் மனச்சோர்வுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. கல்யாண வீட்டில் பார்ப்பவரெல்லாம் 'முகத்துல என்ன இப்படி?' என்று கேட்டால், அந்தப் பிள்ளை அடுத்த விசேஷத்துக்கு வர மறுப்பதில் வியப்பென்ன? தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

மாத்திரையோடு வரும் தாளில் மனநிலை மாற்றம் பற்றிய எச்சரிக்கை இருப்பது உண்மை. சிலருக்கு அப்படி நேரலாம். ஆனால் 25 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் 'ஜாமா டெர்மடாலஜி' இதழில் வந்த பகுப்பாய்வில், மாத்திரை எடுத்தவர்களிடம் ஒட்டுமொத்தமாகத் தற்கொலை ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. சிகிச்சைக்குப் பிந்தைய 2 முதல் 4 ஆண்டுகளில் தற்கொலை முயற்சிகள் குறைந்தே காணப்பட்டன.

உறுதியான பெரிய ஆபத்து வேறு: கர்ப்ப காலத்தில் எடுத்தால் சிசுவுக்குக் கடும் பாதிப்பு வரக்கூடும். அதைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

மாத்திரை எடுக்கும்போது தூக்கம் கெட்டாலோ, காரணமின்றி அழுகை வந்தாலோ அன்றே தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.