குழாய்த் தண்ணீர் குடிக்கலாமாம், விசாவுக்குத் தூதரகத்தைக் கேட்க வேண்டுமாம்

வெளிநாட்டில் மாநாடு நடத்துகிறவர்கள் பங்கேற்பாளர்களுக்கென்று ஒரு பயணக் குறிப்பு அனுப்புவார்கள். இந்தத் தடவை எனக்கு வந்தது வியன்னாவுக்கு. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஷ்னிட்சல் சாப்பிடாமல் ஊர் திரும்பாதீர்கள். வசதியான ஷூ கொண்டுவாருங்கள். எல்லாம் சரி, விசா? கடைசியில் ஒரே ஒரு வரி: சில நாட்டினருக்கு விசா தேவைப்படலாம், அருகிலுள்ள தூதரகத்தைத் தொடர்புகொள்ளவும்.

அருகிலுள்ள தூதரகமாம்! நான் இருப்பது திருநெல்வேலி. ஆஸ்திரியத் தூதரகம் இருப்பது டில்லியில். அங்கேயும் நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது. ஒப்பந்தம் எடுத்த விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்க வேண்டும், நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய் விரல்ரேகை வைக்க வேண்டும், பாஸ்போர்ட்டையும் அங்கேயே கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு ஜெர்மன்காரர் மியூனிக்கில் ரயிலேறினால் நான்கு மணி நேரத்தில் வியன்னாவில் இறங்கிவிடுவார். அமெரிக்கர் பாஸ்போர்ட்டை நீட்டினால் 90 நாள் வரை இருந்துவிட்டுப் போகலாம். இந்தக் குறிப்பு அவர்களுக்காக எழுதப்பட்டது. 'சர்வதேசப் பங்கேற்பாளர்களுக்கு' என்று தலைப்பு மட்டும் ஏன் போடுகிறீர்கள்?

சரி, கணக்குப் பார்ப்போம். ஆஸ்திரியா உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள். மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றினால் 45 நாள் வரை இழுக்கலாம், விதியிலேயே இடமிருக்கிறது. இது விண்ணப்பம் கொடுத்த பிறகு ஓடுகிற கடிகாரம். அதற்கு முன்னால் மையத்தில் நேரம் கிடைக்க வேண்டுமே? ஏப்ரல், மே என்றால் பள்ளி விடுமுறைக்கு ஐரோப்பா கிளம்புகிற குடும்பங்களும் அதே வரிசையில் நிற்கும். ஆக, மாநாட்டில் பேசுவதற்காக நாம் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது என்ற செய்தி மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்பாவது கைக்கு வர வேண்டும். இவர்கள் அனுப்புவது ஆறு வாரம் இருக்கும்போது. ஆறு வாரம் என்பது 42 நாள். 45 நாளை எந்த மூலையில் வைத்து அடைப்பது? ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு வராதா?

செய்தி வந்ததும் அழைப்புக் கடிதம் கேட்டால், முதலில் பதிவுக் கட்டணத்தைக் கட்டு என்கிறார்கள். விசா கிடைக்குமா என்றே தெரியாமல் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கட்ட வேண்டும். காத்திருந்து கட்டலாம் என்றால் சலுகைக் கட்டணத்தின் கடைசித் தேதி போய்விடும். கட்டிய பிறகு ஒரு வாரம் கழித்து வருகிற கடிதத்தில் பாஸ்போர்ட் எண் இருக்காது, செலவு யாருடையது என்று இருக்காது. 'இக்கடிதம் எவ்வித நிதிப் பொறுப்பையும் குறிக்காது' என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

அப்புறம் பெயர். நம்மில் பல பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கும். மாநாட்டுப் படிவமோ அதை நிரப்பாமல் நகரவே விடாது. அப்பா பெயரைப் போட்டால் கடிதம் அவர் பெயருக்கு வரும். இனிஷியலைப் போட்டால் 'மதிப்பிற்குரிய முனைவர் கே' என்று வரும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கடிதத்தில் இன்னொரு பெயர் என்று மையத்தில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். திருத்தித் தரச் சொல்லி எழுதினால், அலுவலகம் திங்கட்கிழமைதான் திறக்கும் என்று தானியங்கிப் பதில் வரும்.

மற்ற காகிதங்களைச் சொல்லி மாளாது. பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, கல்லூரியிலிருந்து ஆட்சேபணை இல்லை என்ற சான்று (என்.ஓ.சி.), 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிட முன்பதிவு, போகவர விமான முன்பதிவு. விசா வருவதற்குள் டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள் என்றும் சொல்வார்கள், முன்பதிவைக் காட்டுங்கள் என்றும் கேட்பார்கள். விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, ஒன்பதாயிரம் ரூபாய் பக்கம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் ஒரு பைசா திரும்பாது. அடிக்கடி போகிறவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் ஒரு சலுகை கொடுத்தது: மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், பொதுவாக இரண்டாண்டுப் பலநுழைவு விசா. நல்லது. முதல் முறை போகிற ஆராய்ச்சி மாணவருக்கு அதனால் என்ன பயன்?

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற நண்பர்களின் பாடு இன்னும் மோசம். ஷெங்கன் விமான நிலையத்துக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் பொதுவாக அவர்களுக்குத் தனி விசா வேண்டும். லண்டன் வழியாக மலிவான டிக்கெட் கிடைக்கிறதே என்று வாங்கினால், அங்கே விமானம் மாற இந்தியர்களுக்கே பெரும்பாலும் விசா கேட்பார்கள். இதையெல்லாம் ஒரு பத்தியாக எழுதினால் ஷ்னிட்சலுக்கு இடம் போதாமல் போய்விடுமா?

எழுதுகிற உருப்படாத குறிப்பையாவது ஒழுங்காக எழுதுகிறார்களா? விமான நிலையத்திலிருந்து வருவதற்கு விலை கூடிய அந்த விரைவு ரயிலைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அது போய் நிற்கிற, நகர நடுவிலுள்ள அதே வீன் மிட்டே நிலையத்துக்குப் பாதிக்கும் குறைவான காசில் எஸ் 7 ரயில் இருக்கிறது, பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கார்டு மிஷின் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு யூரோவை அழுத்த வேண்டும், ரூபாயை அழுத்தினால் யூரோவுக்கு அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. வங்கி ஓ.டி.பி. வருவதற்குக் கிளம்பும் முன்பே சிம்மில் ரோமிங் போட்டுக்கொள்ள வேண்டும். நம் லேப்டாப்பின் தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. இவ்வளவும் எனக்கு முன்னால் போய்வந்தவர்கள் வாட்ஸ்அப்பில் சொன்னது, ஏற்பாட்டாளர்கள் சொன்னதில்லை.

விசா எங்கள் கையில் இல்லை, அரசாங்கத்தின் விஷயம் என்பார்கள். விசா இல்லைதான், இடம் உங்கள் கையில் இருக்கிறதே? எச்.ஐ.வி. உள்ளவர்களை அமெரிக்கா உள்ளே விடாமல் தடுத்த காலத்தில், 1992இல் பாஸ்டனில் நடக்க இருந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டை அப்படியே ஆம்ஸ்டர்டாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2010இல் தடை நீங்கிய பிறகுதான், 2012இல், அந்த மாநாடு அமெரிக்க மண்ணுக்குத் திரும்பியது. முதுகெலும்பு என்றால் அதுதான். ஆனால் அதே மாநாடு 2022இல் மாண்ட்ரியலில் நடந்தபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய ஏராளமானோருக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. அந்த நோயால் அதிகம் அடிபட்ட கண்டத்துக்காரர்கள் வெளியே, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் உள்ளே! செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் ஐ.சி.எல்.ஆர். மாநாடு 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. ருவாண்டா எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கியதும் விசா கொடுக்கிறது. நினைத்தால் முடிகிறது.

எல்லா மாநாட்டையும் கிகாலிக்கு மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. விசா வேண்டியவர்களின் சுருக்கங்களை முதலில் படித்து முடிவு சொல்லுங்கள். ஏற்றுக்கொண்ட அன்றே, பணம் கேட்காமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் போட்டுக் கடிதம் கொடுங்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டாம்.

இந்த மாநாட்டில் இப்போதிருக்கிற விதி என்ன தெரியுமா? விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பாது, 'மாற்றாக உங்கள் உரையைக் காணொளியாக அனுப்பலாம்.' காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வரவேற்பு விருந்துக்கும் சேர்த்து வாங்கிய கட்டணம் அது. அதற்கு ஈடாக, நான் என் அறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசி அனுப்புகிற காணொளி, அதையும் எந்த அறையில் யார் போட்டுப் பார்ப்பார்கள் என்று தெரியாது. கேட்டு எழுதினேன். விசா முடிவுகளில் எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று பதில் வந்தது. நான் கேட்டது விசாவைப் பற்றியா? என் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற அதிகாரமும் ஆஸ்திரிய அரசிடமா இருக்கிறது?