எண்டோஸ்கோப்பி நார்மல் என்றால் வெறும் கேஸ்தானா?

“மேல்வயிற்று வலிக்கு எண்டோஸ்கோப்பி நார்மல் என்று வந்துவிட்டால் வெறும் கேஸ்தான், அசிடிட்டி மாத்திரை போதும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. எண்டோஸ்கோப்பியில் வாய் வழியாக விடும் கேமரா குழாய் பார்ப்பது உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம், அவ்வளவுதான். பித்தப்பையும் கணையமும் அதன் கண்ணில் படாது.

பித்தப்பைக் கல் வலி பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, சில சமயம் நடுராத்திரியில், வலது விலாவுக்குக் கீழோ நடுவிலோ பிடிக்கும். அரை மணி முதல் சில மணி நேரம் இருந்துவிட்டுத் தானாக அடங்கும். வலது தோள்பட்டை எலும்பு வரை இழுக்கும். மாத்திரையால் அடங்கியது என்று நாம் நினைத்துக்கொள்வோம். இதற்கு முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்ட். கணைய வலி முதுகுக்கு ஊடுருவும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். அதற்கு ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன்.

எல்லாம் நார்மலாக இருந்தும் வலி தொடர்வது உண்டு, செயல்பாட்டு அஜீரணம் என்பார்கள். ஆனால் அந்த முடிவு கடைசியில் வர வேண்டியது. மூட்டு வலி மாத்திரை தினமும் போடுகிறவர் என்றால், அதுவே இரைப்பையைப் புண்ணாக்கலாம் என்பதால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள்.

எடை குறைவு, கருப்பு மலம், கண் மஞ்சள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். திடீர் வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலுமா? அது மாரடைப்பாகவும் இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.