ஊறுகாய் பாட்டில் தேவைப்படாத அமெரிக்க ஊர்

அமெரிக்காவில் சாப்பிடுவதற்கென்றே ஒரு ஊருக்குப் போகலாம் என்றால், கண்ணை மூடிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் என்பேன். நியூயார்க் நண்பர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். சோறும் வெண்டைக்காயும் சிக்கரி காபியும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிற ஊர் அந்த நாட்டில் வேறு எது, சொல்லுங்கள்?

முதலில் காபி. டெக்கேட்டர் தெருவில் 1862-லிருந்து இருக்கும் கஃபே டு மோண்ட். "அது டூரிஸ்ட் கடைப்பா" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே! அமெரிக்க உள்நாட்டுப் போரில் துறைமுகத்தை மறித்ததால் காபிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது சிக்கரியைக் கலந்து ஒப்பேற்றினார்கள். போர் முடிந்தும் நாக்கு அதை விடவில்லை. கும்பகோணத்து நாக்குக்கும் அது சட்டென்று பிடித்துப்போகும். கூடவே பென்யே வாங்கிக்கொள்ளுங்கள். சதுரமாக வெட்டி எண்ணெயில் பொரித்த மாவு, தட்டுக்கு மூன்று, அதன்மேல் பொடித்த சர்க்கரை குன்றுபோல. கறுப்புச் சட்டை வேண்டாம். வாய்க்குள் போடும்போது மூச்சை இழுக்கவும் வேண்டாம், சர்க்கரை புரையேறிவிடும்.

அப்புறம் ட்ரெமே பகுதியில் டூக்கி சேஸ். 1941-இல் தொடங்கிய கடை. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் இதன் மாடியில் கூடித் திட்டம் போட்டார்கள். கீழே கம்போ, அதாவது சோற்றோடு சாப்பிடும் கெட்டிக் குழம்பு, கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறையை ஆண்ட லியா சேஸ் 2019-இல், 96 வயதில் காலமானார். ருசி பார்க்கும் முன்பே கம்போவில் காரச் சாஸ் ஊற்றிய ஒபாமாவையே அதட்டியவர் அவர். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று மட்டும் வைக்கும் கீரைக் கம்போவுக்கு ஊரே திரளும். சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே இறைச்சி ஒளிந்திருக்கும்.

போபாய் என்கிற நீள ரொட்டி சாண்ட்விச் சாப்பிட மிட்-சிட்டி பகுதியின் பார்க்வே கடை. 1929 டிராம் வேலைநிறுத்தத்தின்போது, முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் போராட்டக்காரர்களை 'புவர் பாய்' (ஏழைப் பையன்) என்று சொல்லி இலவசமாகக் கொடுத்ததில் கிளம்பிய பெயர் என்பார்கள். பொரித்த இறால் வைத்தது என் கட்சி. ரொட்டியின் மேலோடு கடித்ததும் நொறுங்க வேண்டும், உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும். வேறு ஊர்களில் செய்வது வெறும் சாண்ட்விச்.

திங்கட்கிழமை அங்கே இருந்தால் எந்தச் சின்னக் கடைக்குள்ளும் நுழையலாம், சிவப்பு பீன்ஸும் சோறும் கிடைக்கும். திங்கள் அந்தக் காலத்தில் துணி துவைக்கும் நாள். ஞாயிறு மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்களாம். துவைக்க இயந்திரம் வந்துவிட்டது, கிழமை மட்டும் மாறவில்லை.

மதுக்கடைகளுக்குப் பேர்போன போர்பன் தெருவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். அங்கே குடிக்கப் போகலாம், சாப்பிட வேண்டாம்.