தலையை எண்ணிப் பிரித்தால் சமம் ஆகிவிடுமா?

சனிக்கிழமை நடந்த என் மகளுடைய பள்ளி அணியின் டென்னிஸ் மேட்ச் பற்றிய என் பதிவுக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 10-0 என்று தோற்றோம். "ரெண்டும் 5ஏ பள்ளி, ரெண்டும் ஒரே அளவு, அப்புறம் என்ன புலம்பல்?" என்று ஒருவர் கேட்க, அதற்கு அத்தனை லைக்.

ஒரே அளவுதான். டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பள்ளிகளை 5ஏ, 6ஏ என்று பிரிப்பதே மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் குறித்து, அன்றைக்கு எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 2024-26 சுற்றில் 1315 முதல் 2274 வரை 5ஏ, அதற்கு மேல் எல்லாம் 6ஏ. மேல்வரம்பே கிடையாது என்பதால் 2300 பேர் படிக்கும் பள்ளியும் 5000 பேரைத் தாண்டிய ஆலன் பள்ளியும் ஒரே பிரிவு. சரி, அதைக்கூட விடுகிறேன். தலையை எண்ணுகிறீர்களே, அந்த வீடுகளில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது?

என் மகளுடைய டபுள்ஸ் பார்ட்னர் பள்ளி விட்டதும் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போகிறாள், பாதி நாள் பயிற்சிக்கு வர முடியாது. அணியில் பலர் ஒன்பதாம் வகுப்பில்தான் முதன்முதலாக ராக்கெட்டையே தொட்டவர்கள். எதிரணிப் பெண்கள் சின்ன வயதிலிருந்து தனி கோச்சிடம் கற்றவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அருமையாக ஆடினார்கள். இந்த இரண்டு அணியையும் சமம் என்று எழுதி வைத்திருக்கும் காகிதத்தின் மேல்தான் கோபம்.

"எப்படிப் பிரித்தாலும் யாராவது தோற்கத்தானே செய்வார்கள்?" தோற்கட்டும், தோற்பதைப் பற்றி நான் பேசவே இல்லை. "ஏழைப் பள்ளிகள் ஃபுட்பாலில் ஜெயிக்கவில்லையா?" ஜெயிக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டென்னிஸ், நீச்சல், கோல்ஃப் எல்லாம் பள்ளிக்கு வெளியே காசு கொட்டிக் கற்பவை. "வேறு எப்படித்தான் பிரிப்பது?" மின்னசோட்டாவில் குடும்ப வருமானம் குறைவு என்பதால் இலவச, சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் மாணவர்களில் 40 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் எண்ணிக்கை பார்க்கிறார்கள். இல்லினாயில் பல தனியார் பள்ளிகளின் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்கி, பெரிய பள்ளியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் கபடி ஆடியவள். அங்கே பிரிவெல்லாம் வயதை வைத்து, ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர். குறுவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் நிறைந்த அணியிடம் மாட்டினோம். ஆடி முடித்து வந்த எங்களை பி.டி. டீச்சர் மைதானத்திலேயே நிற்க வைத்து, "உங்களுக்கு உழைப்பு பத்தாது" என்றார். எங்கள் பள்ளியில் கபடிக்கு ஒழுங்கான தரைகூட இல்லை, அது அவருக்கும் தெரியும். அதே பேச்சை இப்போது என் மகள் கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் நம் ஆட்களிடமிருந்து.

"டென்னிஸை விட்டுட்டு மேத்ஸ் படிக்கச் சொல்லுங்க, அதுலயாவது ஜெயிக்கலாம்" என்று எழுதினீர்களே, அவளுக்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். படித்துவிட்டாள். உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் பிள்ளைகளோடு விளையாடிய பெண் அவள். என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், அந்தக் கமெண்டை மட்டும் இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.