சிடி விளிம்பில் பூசிய பச்சை மை

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆம்ப்ளிஃபயருக்குப் புதிதாக ஒரு பவர் கேபிள் வாங்கியிருக்கிறார். ஒன்றரை மீட்டர், 22,000 ரூபாய். கட்டைவிரல் தடிமனில், மேலே நைலான் பின்னல் போட்டது. "பாடுறவங்க ரெண்டடி முன்னாடி வந்து உக்காந்த மாதிரி இருக்கு, வந்து கேளுங்க"ன்னார்.

அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது, அதில் பொய் எதுவும் இல்லை. எனக்குக் கோபம் விற்றவர் மேல்தான். கடையில் போட்டுக் காட்டியபோது நண்பர், "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றிருக்கிறார். "காது பழகணும் சார், எல்லாருக்கும் உடனே பிடிபடாது" என்று பதில் வந்திருக்கிறது. நாற்பது வருஷமாகப் பாட்டுக் கேட்கிற மனுஷரை, தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்க வைத்து பணம் வாங்கியிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம் கம்பமாகத் தாண்டி, மீட்டர் பெட்டி வழியாக, சுவருக்குள் சாதாரண ஒயரில் ஓடி வருகிறது கரண்ட். ஆம்புக்குள் போனதும் அந்த 230 வோல்ட்டைக் குறைத்து, டி.சி.யாக்கி, கெப்பாசிட்டர்கள் வடிகட்டிய பிறகுதான் அது பாட்டுப் பக்கமே போகிறது. நல்ல நிலையில் இருக்கிற சாதாரண கேபிளை எடுத்துவிட்டு இதைச் செருகினால் பாடகி எப்படி ரெண்டடி முன்னால் வருவார்?

இது புது வியாதியும் இல்லை. 1990 வாக்கில் சிடியின் விளிம்பில் பச்சை மை பூசினால் சத்தம் தெளிவாகும் என்று அமெரிக்காவில் கிளப்பிவிட்டார்கள். அதற்கென்றே தனிப் பேனாக்கள் விற்றன. என் உறவினர் ஒருவர் ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சிடியாக எடுத்து விளிம்பைச் சுற்றித் தீட்டிவிட்டு, மை காயும் வரை நடு ஓட்டையில் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிதறுகிற லேசர் ஒளியைப் பச்சை உறிஞ்சிக்கொள்ளும் என்பது கதை. சிடியைப் படிக்கிற லேசர் 780 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பு. நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிற மை அதை உறிஞ்சியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. அதோடு சிடியில் இருப்பது எண்கள். ஒரு சேனலுக்கு நொடிக்கு 44,100 எண், ஒவ்வொன்றும் 16 பிட். தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் கூடவே பதிந்திருக்கிற உபரி எண்களை வைத்து ரீட்–சாலமன் என்கிற பிழைதிருத்தக் கணக்கு அத்தனையையும் மீட்டுவிடும். மீட்ட எண்கள் பஃபர் என்கிற தற்காலிக நினைவகத்தில் சேர்ந்து, குவார்ட்ஸ் கடிகாரத்தின் கணக்கில்தான் வெளியே வரும். இதில் பச்சை மைக்கு என்ன வேலை?

"அளவுமானியில் வராதது அனுபவசாலி காதுக்குத் தெரியும்" என்பவர்களுக்கு மொபைல் ஃபிடெலிட்டி என்கிற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் விவகாரத்தைத்தான் ஞாபகப்படுத்துவேன். முழுக்க அனலாக், அதாவது ஒலியை எங்கேயும் எண்களாக மாற்றாதது என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய விலை உயர்ந்த இசைத்தட்டுகள் அவர்களுடையவை. அவற்றில் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022-இல் வெளியே வந்தது. 2011-லிருந்தே அப்படித்தானாம். டிஜிட்டல் என்றால் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று பேசிய எத்தனையோ பேர் இத்தனை வருஷமும் அதே தட்டுகளைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

நண்பர் வீட்டில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அவர் மகள் ஆம்புக்குப் பின்னால் துணியைத் தொங்கவிட்டு, காசு சுண்டிப் பார்த்து, பழைய கேபிளையோ புதியதையோ மாட்டினாள். நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். வால்யூமைத் தொடவில்லை. துளி சத்தம் கூடினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே பாட்டின் முதல் ஒரு நிமிஷம், 12 தடவை. எது எந்த கேபிள் என்று நண்பர் சரியாகச் சொன்னது 6. நானும் 6. சும்மா குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வரும். முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிறகு ஸ்பீக்கர்களைச் சுவரோரத்திலிருந்து ரெண்டடி முன்னால் இழுத்தோம். மூலையில் இருந்தால் பாஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, குடத்துக்குள் அடிக்கிற மாதிரி உருளும். வெறும் டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்தோம், எதிர்ச் சுவரில் கனமான திரை போட்டோம். செலவு ஒன்றும் இல்லை, எல்லாம் பரணில் கிடந்ததுதான். அதே பாட்டை மறுபடி போட்டதும் உள்ளே அடுப்படியில் இருந்த அவர் மனைவி வந்து, "என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார். மிருதங்கத்தின் தொப்பி தனியாக, வலந்தலை தனியாகக் கேட்டது. அவருக்கு யாரும் காதைப் பழக்கிவிடவில்லை.

கேபிளைத் திருப்பிக் கொடுக்க இந்த சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறதாம். கூட நானும் போகிறேன்.